மூடித் திறந்தா இருட்டு! ஸ்கிரீன் போயிருச்சுன்னு யாரு சொன்னது?

(வாசகர் கேள்வி பதில்: லெப்டாப், போன், வீட்டுக் கரண்டு)

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே நோவுதான், லெப்டாப்ப மூடி வெச்சிட்டுத் திறந்தா ஸ்கிரீன் வர மாட்டேங்குது. அதனால முதல் கேள்விக்கு நீளமாவே பதில் சொல்றேன், மத்தவங்களும் அதைப் படிச்சிட்டு உங்க கேள்விக்கு வாங்க.

கேள்வி: வணக்கம் அண்ணே. நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில டீச்சரா இருக்கேன். பள்ளி முடிஞ்சதும் லெப்டாப்ப அப்படியே மூடி பேக்ல போட்டுட்டு வந்திருவேன், வீட்டுல வந்து திறந்தா பவர் லைட்டு எரியுது, ஃபேன் சத்தம் கேக்குது, ஸ்கிரீன் மட்டும் கும்மிருட்டு. பவர் பட்டனை அழுத்திப் புடிச்சு ஆஃப் பண்ணி மறுபடி ஆன் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி நல்லா வருது. போன வாரம் அப்படி ஆஃப் பண்ணதுல பிள்ளைங்க மார்க் போட்டு வெச்சிருந்தது சேவ் ஆகாம போயிருச்சு, திரும்ப உக்காந்து போட்டேன். டவுன்ல ஒரு கடையில காட்டுனேன், ஸ்கிரீன் போயிருச்சு மாத்தணும்னு சொல்லி 600 வெள்ளி கேக்குறாங்க. மாத்திரவா?

பதில்: மாத்தாதீங்க டீச்சர். காசைக் கையிலயே வெச்சுக்குங்க. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நல்லா வருதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, பதில் அந்த வரியிலயே இருக்கு. ஸ்கிரீன் நெஜமாவே கெட்டிருந்தா ஆன் பண்றப்பவும் வராது. ஒவ்வொரு தடவையும் தவறாம கம்பெனி லோகோ பளிச்சுன்னு வருதுன்னா ஸ்கிரீன் பேனல் நல்லாருக்கு, அதுக்குப் பின்னாடி எரியிற பேக்லைட் நல்லாருக்கு, மதர்போர்டுங்கிற மெயின் போர்டுலேர்ந்து மூடிக்குப் போற கேபிளும் நல்லாருக்கு. மூணும் நல்லாருக்கும்போது எதுக்கு 600 வெள்ளி? தோட்டத்துலயும் பள்ளியிலயும் வேலை பாக்குறவங்ககிட்ட இப்படி ஒரு நிமிஷம்கூட சோதிச்சுப் பாக்காம ஸ்கிரீன் மாத்துன்னு சொல்றதைக் கேட்டா எனக்கு உண்மையாவே கோவம் வருது.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். மூடியை மூடுனதும் மெஷின் ஸ்லீப்புக்குப் போயிரும், நீங்க திறந்து வெச்ச ஃபைலெல்லாம் ராம்ங்கிற தற்காலிக நினைவுல அப்படியே இருக்கும், அந்த ராம் மறக்காம இருக்கறதுக்குக் கொஞ்சூண்டு கரண்டு மட்டும் போய்க்கிட்டே இருக்கும், ஸ்கிரீன் கிராஃபிக்ஸ் எல்லாம் படுத்திரும். திரும்பத் திறக்கும்போது ஸ்கிரீனை எழுப்புற பொறுப்பு கிராஃபிக்ஸ் டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர்கிட்ட இருக்கு. புதுசா ஆன் பண்றப்போ அப்படி இல்ல, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாலயே மதர்போர்டுக்குள்ள இருக்குற பயோஸ்ங்கிற சின்ன சாஃப்ட்வேர் ஸ்கிரீனை எரிய வெச்சிரும், அதனாலதான் லோகோ வந்திருது. ஸ்லீப்லேர்ந்து எழும்புறப்போ டிரைவர் சொதப்புச்சுன்னா மத்ததெல்லாம் முழிச்சிக்கிட்டு வேலை செய்யும், ஸ்கிரீன் மட்டும் கறுப்பா நிக்கும். வீட்டுல ஆளு எழுந்து உக்காந்தாச்சு, லைட்டு சுவிட்ச்ச மட்டும் யாரும் தட்டலை, அவ்வளவுதான் விஷயம்.

அதனால அடுத்த தடவை இருட்டா இருந்தா பவர் பட்டன்கிட்ட கையைக் கொண்டு போகாதீங்க. முதல்ல கேப்ஸ் லாக்கை தட்டுங்க. அந்தக் கீயில இருக்குற குட்டி லைட்டு எரிஞ்சு அணையுதா? அப்போ மெஷின் முழிச்சிருக்கு, உங்க மார்க்கெல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. அடுத்து விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட் மூணையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு பேக்லைட்டுக்கு வர்ற பி (B) எழுத்தைத் தட்டுங்க. இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் திரும்ப ஸ்டார்ட் பண்ற கீ, பெரும்பாலும் "பீப்"னு ஒரு சத்தம் வரும், ரெண்டு மூணு செகண்டு பொறுத்தா ஸ்கிரீன் வந்திரும். திறந்து வெச்ச எதையும் இது மூடாது, பயப்படாம எத்தனை தடவை வேணும்னாலும் அடிக்கலாம்.

அதுக்கும் வரலைன்னா பிரைட்னஸ் கீயை ஏத்திப் பாருங்க, சிலதுல எஃப்என் கீயோட சேத்து அமுக்கணும், யாரோ பூஜ்யத்துக்கு இறக்கி வெச்சிருப்பாங்க. பள்ளியில புரொஜெக்டர்ல போட்டுக் காட்டிட்டு அப்படியே மூடுனீங்கன்னா இன்னொரு சங்கதி இருக்கு, படம் வெளி ஸ்கிரீனுக்கு மட்டும் போகணும்னு செட்டிங் மாறி நின்னுரும், அதுக்கு விண்டோஸ் கீயோட பி (P) அடிங்க, ஆங்கிலத்துல புரொஜெக்டருக்கு வர்ற பி, மேல சொன்ன அந்த பேக்லைட் பி இல்ல, குழப்பிக்காதீங்க, அடிச்சிட்டு மேல் அம்புக்குறி தட்டி என்டர், வரலைன்னா திரும்ப அடிச்சு ரெண்டு தடவை மேல போய் என்டர்.

எதுவுமே ஆகலை, ஆனா கேப்ஸ் லாக் லைட்டு மட்டும் மாறுது, உள்ள முக்கியமான வேலை இருக்குன்னா வீட்டு டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்க, நிறைய நேரத்துல அதுல படம் வந்திரும், சேவ் பண்ணிக்கலாம். கேபிள் இல்லையா, கண்ணைக் கட்டிக்கிட்டுப் பண்ற மாதிரி இதைச் செய்யலாம்: ஸ்பேஸ் பாரை ஒரு தடவை தட்டி ரெண்டு செகண்டு விடுங்க, உங்க பின் நம்பரை நிதானமா அடிச்சு என்டர் தட்டுங்க, உள்ள போறதுக்குக் கொஞ்ச நேரம் குடுத்துட்டு கண்ட்ரோல் எஸ். கடைசியா எந்த ஃபைல்ல இருந்தீங்களோ அதுவே முன்னாடி இருந்தா சேவ் ஆயிரும். ஏற்கனவே ஒரு தடவையாவது பேரு குடுத்து சேவ் பண்ண ஃபைலா இருக்கணும், புது ஃபைலா இருந்தா பேரு கேட்டுக்கிட்டு நின்னுரும். இதெல்லாம் முடிச்சப்புறம்தான் பவர் பட்டனை 10, 15 செகண்டு புடிக்கிறது.

இது முதலுதவி. நிரந்தரமா தீரணும்னா டிரைவரைப் பாக்கணும். இந்த நோவு ஒரு அப்டேட்டுக்கு அப்புறமா ஆரம்பிச்சுதா? அப்படின்னா ஸ்டார்ட் பட்டன்ல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் திறந்து உங்க கிராஃபிக்ஸ் பேரு மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டிரைவர், அதுல ரோல் பேக் டிரைவர்னு ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்குனா பழைய டிரைவருக்குத் திரும்பிரும். பட்டன் மங்கிக் கிடந்தா திரும்புறதுக்குப் பழசு இல்லைன்னு அர்த்தம், அப்போ லெப்டாப் அடியில ஒட்டிருக்குற ஸ்டிக்கர்ல மாடல் நம்பரைப் பாத்து அந்த கம்பெனி வெப்சைட்லயே போய் அந்த மாடலுக்குக் குடுத்திருக்குற கிராஃபிக்ஸ் டிரைவரை இறக்கிப் போடுங்க. டிரைவர் தேடித் தர்றேன்னு சொல்ற வேற சாஃப்ட்வேர் எதையும் போடாதீங்க, அதுங்க விளம்பரத்தையும் குப்பையையும் சேத்து இறக்கும்.

இன்னொண்ணு, ஷட் டவுன் குடுத்தா எல்லாம் சுத்தமா அணைஞ்சு போயிருதுன்னு நினைக்கிறோம், விண்டோஸ் 8 வந்ததுலேர்ந்து அப்படி இல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு இருக்கு, அது விண்டோஸோட உள்பகுதியையும் டிரைவருங்களையும் இருக்குற நிலையிலயே டிஸ்க்ல எழுதி வெச்சிட்டு மறுநாள் அதையே தூக்கிக்கிட்டு வரும். டிரைவர் கோளாறும் கூடவே வரும். அதனால டிரைவர் மாத்துனதும் ஷட் டவுன் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் குடுங்க, அதுதான் உண்மையான புது ஆரம்பம். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், இடது பக்கம் பவர் பட்டன் என்ன செய்யணும்னு இருக்குற வரியைத் திறந்தா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்திரலாம், அது மங்கலா இருந்தா மேல இருக்குற சேஞ்ச் செட்டிங்ஸ் வரியை முதல்ல கிளிக் பண்ணுங்க.

உங்களுக்கு நான் முக்கியமா சொல்றது அதே பக்கத்துல இருக்கு டீச்சர், ஹைபர்நேட்னு ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டு சேவ் பண்ணிட்டு, மூடியை மூடுனா என்ன செய்யணும்ங்கிற வரியில ஸ்லீப்புக்குப் பதிலா ஹைபர்நேட்னு மாத்திருங்க. ஹைபர்நேட் உங்க வேலையை ராம்ல விடாம டிஸ்க்ல எழுதிட்டு மெஷினை முழுசா அணைச்சிரும், திறந்து பவர் பட்டனைத் தட்டுனா லோகோவோட வரும், விட்ட இடத்துல நிக்கும், ஸ்லீப்ப விடக் கொஞ்சம் லேட்டாகும் அவ்வளவுதான். பேட்டரி செத்தாலும் மார்க் போகாது. இப்போ வர்ற புது லெப்டாப்பெல்லாம் போன் மாதிரி அரைத் தூக்கம்தான் தூங்குது, பேக்ல இருக்கும்போதே முழிச்சு அப்டேட் பண்ணும், வீட்டுக்கு வந்து தொட்டுப் பாத்தா இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கும், பஸ்ல போறவங்களுக்கும் மோட்டார்ல பேக்க மாட்டிக்கிட்டுப் போறவங்களுக்கும் ஹைபர்நேட்தான் நல்லது.

கேள்வி: அண்ணா, நான் அஞ்சாம் படிவம், எஸ்பிஎம் எழுதப் போறேன். படிச்சிக்கிட்டு இருக்கும்போதே லெப்டாப் திடீர்னு இருட்டாயிருது, மூடியை மூடவே இல்ல, கையைத் தூக்குனா சில நேரம் வந்திருது. அம்மா பேய் புடிச்சிருக்குன்னு சொல்றாங்க. வைரஸா?

பதில்: வைரஸ் இல்ல தம்பி. உன் போனை எங்க வெச்சிருக்கேன்னு பாரு. மூடி போட்ட போன் கவர், அதுல டப்புன்னு ஒட்டிக்கிற காந்தம் இருக்குல்ல, அதை கீபோர்டுக்குக் கீழ கை வைக்கிற இடத்துல வெச்சிருப்பே. லெப்டாப்புக்கு மூடி மூடியிருக்கா திறந்திருக்கான்னு தெரியறதே காந்தத்தாலதான், மூடியோட ஓரத்துல ஒரு குட்டிக் காந்தம், கீழ்ப் பக்கத்துல அதை மோப்பம் பிடிக்கிற ஹால் சென்சார். எட்வின் ஹால்னு ஒருத்தரு 1879-ல கண்டுபிடிச்ச விளைவுதான் அது, அவரு பேருதான் இன்னைக்கும். உன் போன் கவர் காந்தம் அந்த சென்சார் பக்கத்துல வந்தா மூடியாச்சுன்னு நினைச்சு தூங்கிரும். காந்தம் வெச்ச கைச்சங்கிலி, இயர்போன் டப்பா, ஒரு லெப்டாப் மேல இன்னொண்ணை அடுக்கி வைக்கிறது, எல்லாமே இதைச் செய்யும்.

கவரைக் கையில எடுத்து லெப்டாப் மேல ஓரம் ஓரமா நகத்திப் பாரு, எந்த இடத்துல இருட்டாகுதோ அங்கதான் சென்சார். அந்த இடத்துல எதையும் வெக்காம இரு, காசு செலவு கிடையாது. அம்மாவையும் கூட்டி வெச்சு ஒரு தடவை செஞ்சு காட்டு, நிம்மதியா இருப்பாங்க. பரீட்சைக்கு நல்லாப் படி.

கேள்வி: ஐயா, நான் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா இருந்து ரிட்டையர் ஆனவன். எங்க கோயில் கணக்கு, திருவிழா வரவு செலவு எல்லாம் ஒரு பழைய லெப்டாப்லதான் இருக்கு. ஸ்லீப்லேர்ந்து எழும்பும்போது மட்டும் இல்ல, இப்போல்லாம் ஆன் பண்ணாலே இருட்டு, மூடியை முன்னே பின்னே ஆட்டுனா மின்னி மின்னி வருது. டீச்சருக்கு சொன்ன மாதிரியே எனக்கும் சொல்லிருவீங்களா?

பதில்: இல்லைங்க ஐயா, உங்களுது வேற. ஆட்டுனா வருதுன்னா கோளாறு சாஃப்ட்வேர்ல இல்ல, உள்ள இருக்குற பார்ட்லதான். ராத்திரி ரூம் லைட்டை அணைச்சிட்டு லெப்டாப்ப ஆன் பண்ணி விண்டோஸ் வர்ற வரைக்கும் பொறுங்க, அப்புறம் போன்ல டார்ச் போட்டு ஸ்கிரீனுக்கு நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு கிட்டக்க புடிங்க. உத்துப் பாத்தா உங்க கடிகாரம், கோயில் ஃபைல் ஐகான் எல்லாம் நிழல் மாதிரி மங்கலாத் தெரியுதா? தெரிஞ்சா படம் வந்துக்கிட்டுதான் இருக்கு, பின்னாடி எரிய வேண்டிய பேக்லைட்தான் எரியலை. ஒண்ணுமே தெரியலைன்னா படமே ஸ்கிரீனுக்குப் போய்ச் சேரலை.

ரெண்டுலயும் முதல் சந்தேகம் கீல் வழியா போற கேபிள் மேலதான். மூடியைத் திறந்து திறந்து மூட அந்தக் கேபிள் கீல் கிட்ட மடங்கி மடங்கி உள்ள இருக்குற மெல்லிசு கம்பி அறுந்து போகும், கோணத்துக்குக் கோணம் மின்னுறது அதோட அடையாளம். படமும் பேக்லைட்டுக்கான கரண்டும் அந்த ஒரே கேபிள்ல போறதால எது அறுந்திருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி இருட்டு. சில நேரம் அறுந்துகூட இருக்காது, சாக்கெட்லேர்ந்து லேசா கழண்டிருக்கும், திறந்து அமுக்கி விட்டா போதும். கடையில கேபிளை முதல்ல பாக்கச் சொல்லுங்க, ஸ்கிரீனைவிட அது ரொம்ப மலிவு. கேபிள் மாத்தியும் வரலைன்னாதான் ஸ்கிரீன். அப்படி மாத்துறதா இருந்தாலும் பழைய ஸ்கிரீன் பின்னாடி இருக்குற பார்ட் நம்பரையும் 30 பின்னா 40 பின்னாங்கிறதையும் பாத்துதான் வாங்கணும், ஆன்லைன்ல சைஸ் மட்டும் பாத்து வாங்கிட்டு சாக்கெட் பொருந்தாம தவிக்கிறவங்க நிறைய.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு ஐயா, இன்னைக்கே செய்யுங்க. டிவியில எச்டிஎம்ஐ போட்டு கோயில் கணக்கு ஃபோல்டரை ஒரு பென்டிரைவ்லயும் கமிட்டியில இன்னொருத்தர் கம்ப்யூட்டர்லயும் காப்பி எடுத்து வெச்சிருங்க. ஊரே காசு போட்ட கணக்கு, அது ஒரே ஒரு பழைய மெஷின்ல இருக்கக்கூடாது. ரிப்பேருக்குக் காசு பத்தலைன்னாலும் பரவால்ல, ஒரு பழைய மானிட்டரை மாட்டி வீட்டுலயே மேசையில வெச்சு ஓட்டலாம், மூடியை மூடுனா ஒண்ணும் செய்யாதேன்னு பவர் ஆப்ஷன்ஸ்ல மாத்திட்டா போதும்.

கேள்வி: அண்ணே, முந்தா நாள் சாயங்காலம் இடி மழை, கரண்டு போச்சு வந்துச்சு போச்சு. லெப்டாப் சார்ஜர்ல மாட்டி ஸ்லீப்ல இருந்துச்சு, இப்போ லைட்டும் இல்ல சத்தமும் இல்ல. செத்துருச்சா? (செம்பனைத் தோட்டம், பேராக்)

பதில்: உடனே அப்படிச் சொல்லிர முடியாதும்மா. கரண்டு இப்படி வந்து வந்து போகும்போது மெஷினோட பவர் பகுதி தன்னைக் காப்பாத்திக்க பூட்டிக்கும். சார்ஜரைக் கழட்டுங்க, பென்டிரைவ் மவுஸ் எல்லாத்தையும் எடுங்க, பேட்டரி வெளிய வர்ற மாடலா இருந்தா அதையும் எடுத்துட்டு பவர் பட்டனை 30 செகண்டு விடாம அமுக்கிப் புடிங்க. அப்புறம் சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் பண்ணிப் பாருங்க. அசையலைன்னா அதே வோல்ட் இருக்குற வேற சார்ஜர் போட்டுப் பாருங்க, மின்னல்ல பல நேரம் சார்ஜர்தான் அடி வாங்கி மெஷினைக் காப்பாத்திருக்கும். அதுக்கும் வரலைன்னா கடைக்குத்தான் போகணும், மதர்போர்டுல பவர் பகுதியைப் பாக்கச் சொல்லுங்க.

நம்ம மலேசியாவுல மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரல் மே, அக்டோபர் நவம்பர்ல மத்தியானத்துக்கு மேல இடி வராத நாளு கம்மி. மழை இருட்டிக்கிட்டு வரும்போதே, இடி தொடங்குறதுக்கு முன்னாடி, சுவிட்ச்ச ஆஃப் பண்றது மட்டும் பத்தாது, பிளக்கையே சாக்கெட்லேர்ந்து உருவுங்க. இண்டர்நெட் மோடத்துலேர்ந்து லெப்டாப்புக்கு கேபிள் போட்டிருந்தா அதையும் உருவுங்க, மின்னல் அந்த வழியாவும் வரும், இதைத்தான் எல்லாரும் மறந்திர்றாங்க. சர்ஜ் புரொடெக்டர் வெச்சா கரண்டு திடீர்னு கொஞ்சம் ஏறுறதுக்கு நல்லது, பக்கத்துல விழற மின்னலுக்கு அது தாங்காது.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் நிறுத்திட்டாங்களாமே, அதனாலதான் ஸ்கிரீன் வரலைன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு, உண்மையா?

பதில்: நிறுத்துனது உண்மை, 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான இலவச அப்டேட் முடிஞ்சுது. ஆனா அதனால ஸ்கிரீன் இருட்டாகாது, பாதுகாப்பு ஓட்டையை அடைக்க மாட்டாங்க, அதுதான் பிரச்சனை. விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இண்டெல்னா பொதுவா 8-வது தலைமுறை பிராசஸர்லேர்ந்து மேல. உங்க லெப்டாப் தகுதியா இல்லையான்னு செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கமே சொல்லிரும்.

கேள்வி: ஸ்கிரீன் ரிப்பேருக்குக் குடுத்தா கடையில பாஸ்வர்ட் கேக்குறாங்க அண்ணே. குடும்பப் போட்டோ, ஐசி காப்பி, பேங்க் பேப்பர் எல்லாம் உள்ள இருக்கு. குடுக்கலாமா?

பதில்: குடுக்க வேண்டியதில்ல தங்கச்சி. ஸ்கிரீனும் கேபிளும் மாத்துனா லோகோ வருதா, பயோஸ் பக்கம் தெளிவாத் தெரியுதான்னு பாத்தா போதும், அதுக்கு விண்டோஸ் உள்ள போகவே வேணாம். ஸ்லீப் சோதனை பண்ணணும்னு சொன்னா நீங்க பக்கத்துல நின்னு நீங்களே பின் நம்பரை அடிச்சு விடுங்க. அப்படியே விட்டுட்டு வரணும்னா முதல்ல ஃபைலையெல்லாம் வெளி டிஸ்க்குக்கு மாத்திருங்க.

குடுக்குறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெக்கவரி கீயையும் (பிட்லாக்கர்ங்கிறது டிஸ்க்ல இருக்குறதைப் பூட்டி வெக்கிற விண்டோஸ் பூட்டு, அதுக்கான சாவி இது) எடுத்து வெச்சிருங்க, 48 இலக்க நம்பர் அது, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல போன்லேர்ந்தே பாக்கலாம். மதர்போர்டு மாத்துனாலோ பயோஸ் அப்டேட் பண்ணாலோ மெஷின் அந்த நம்பரைக் கேட்டு நின்னுரும், நம்பர் இல்லைன்னா உள்ள இருக்குற போட்டோ ஒண்ணுகூட திரும்பக் கிடைக்காது. அதை ஒரு பேப்பர்ல எழுதி வீட்டுல வெச்சுக்குங்க, கடைக்காரர்கிட்ட குடுக்காதீங்க, லெப்டாப் பேக்லயும் வெக்காதீங்க. ரசீதுல எந்தப் பார்ட் மாத்துனாங்க, எத்தனை மாசம் வாரண்டின்னு எழுதி வாங்குங்க, கழட்டுன பழைய பார்ட்டையும் கேட்டு வாங்கிட்டு வாங்க.